கழற்றிய பூட்டு எங்கே போகிறது?

யட்டியாந்தோட்டைப் பக்கம் லயத்தில் வளர்ந்து, இப்போது கொழும்பில் கிளவுட் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டான்: “டெராஃபார்மில டெஸ்ட்ரோய் குடுத்தா எல்லாம் பழையபடி ஆயிரும்தானே அண்ணே?” டெராஃபார்ம் என்பது கிளவுட் அமைப்புகளைக் கோடாக எழுதி இயக்கும் கருவி; அப்படி எழுதியதை அழிக்கும் கட்டளை டெஸ்ட்ரோய். ஆனால் பழையபடி ஆகாது. இறப்பர் ஸ்டோருக்குப் பூட்டுப் போட்டவரே போகும்போது பூட்டையும் கழற்றிக்கொண்டு போனால் கதவு என்ன கதியாகும்? அமேசானின் எஸ்3 சேமிப்பு வாளியில் பொது அணுகலைத் தடுக்கும் அமைப்பைக் கோடில் எழுதி, பிறகு அதை அழித்தால் தடையே போய்விடும். வாளி இந்தக் கோடுக்கு வெளியே உருவானதாக இருந்தால், வாளி மட்டும் தடையில்லாமல் அப்படியே நிற்கும். 2023 ஏப்ரல் முதல் புதிய வாளிகள் தடையோடுதான் பிறக்கின்றன. ஆக, நாம் ‘துப்புரவு’ செய்த வாளி புதிதாய்ப் பிறந்ததைவிடப் பலவீனமானது. வட்டுகளுக்கான இயல்புநிலைக் குறியாக்கமும் இப்படித்தான், அழித்தால் அணைந்துவிடும். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் இயல்பான செக்யூரிட்டி குரூப்போ நேர்மாறு: டெராஃபார்ம் கையில் எடுத்ததும் பழைய விதிகளைத் துடைத்தெறியும், விட்டுப் போகும்போது எதையும் திருப்பித் தராது. எஸ்3 வாளியின் அணுகல் பட்டியலான ஏசிஎல்லும் அழித்த பின் அப்படியே கிடக்கும். ஒரே கட்டளைக்கு இத்தனை குணமா என்று எனக்கு எரிச்சல்தான். கூகுள் கிளவுட் பக்கத்தில், இயல்பான சேவைக் கணக்குகளின் அதிகாரத்தைக் குறைக்கும்போதே, அழித்தால் அதைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று எழுதிவைக்க ஒரு வரி உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். தம்பியிடம் சொன்னேன்: டெஸ்ட்ரோய்க்கு யெஸ் அடிக்குமுன் பிளானை வாசி, முடிந்த பிறகு கன்சோலைத் திறந்து கதவைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்.