ஏ-4

ஏ-4 என்றால் ஜெராக்ஸ் பேப்பர் சைஸ் என்றுதான் போன மாதம் வரை எனக்குத் தெரியும். பி.காம் படிப்பு அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தது. கோர்ட்டில் ஏ-4 என்றால் அக்யூஸ்டு நம்பர் நாலு. எங்கள் மாடி போர்ஷன் அம்மாவின் பையன்.

ஒரு செல்போன் கடை ஷட்டரை ராத்திரி இரண்டு பேர் நெம்பினார்கள். ஏ-1, ஏ-2. போன்களை விற்றுக் கொடுத்தவன் ஏ-3. நம்ம ஆள் தெருமுனையில் பைக்கோடு நின்றானாம். ஜெயிலில் மனு போட்டுப் பார்த்தபோது, "ஃப்ரெண்டு வரச் சொன்னான் அண்ணே, எதுக்குன்னு கேக்கலை" என்றான். இருபத்திரண்டு வயதில் நாம் யார் கேட்டோம்?

வக்கீல் பொறுமைசாலி. "ஜாமீன் கிடைச்சா நிரபராதின்னு அர்த்தமில்ல சார். ஓடிப்போவானா, சாட்சியை மிரட்டுவானா, வெளியே வந்து திரும்ப அதையே செய்வானா, குற்றம் எவ்வளவு பெரிசு, கையில என்ன ஆதாரம், இதைத்தான் பார்ப்பாங்க" என்றார். ஜாமீன்தான் விதி, ஜெயில் விதிவிலக்கு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1977-லேயே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டாராம். கேட்கத் தெம்பாக இருந்தது. முதல் மனு தள்ளுபடி. விசாரணை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறதாம்.

பிளான் பி ஒன்று உண்டு. குற்றப்பத்திரிகை 60 நாளில் வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. மரணம், ஆயுள், பத்து வருஷம் என்று போகிற பெரிய கேஸ்களுக்கு 90 நாள். 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் (பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் கழிந்துவிடும்) இது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவிடம் போய், "போலீஸ் லேட் பண்ணணும்னு வேண்டிக்குங்க" என்று எப்படிச் சொல்வது?

அதற்குள் ஏ-3 வெளியே வந்துவிட்டான். வக்கீல் முகத்தில் வெளிச்சம். கூட்டாளிக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கலாமாம். 'பாரிட்டி' என்று பேர். பந்தியில் பக்கத்து இலைக்கு வடை விழுந்தால் நாம் கேட்பதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக் கொண்டேன்.

அவ்வளவு சுலபமில்லை. அரசு வக்கீல் எழுந்து, "ஏ-3 சம்பவ இடத்திலேயே இல்லை, இவன் இருந்தான்" என்றார். சரியான பாயிண்ட். குஜராத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்ட ஒரு வழக்கில், கூட்டாளிக்குக் கிடைத்ததைக் காட்டி ஹைகோர்ட் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி ஆயுதம் இருந்தால் போதாது, ஒவ்வொருத்தன் என்ன செய்தான் என்று தனித்தனியாகப் பார் என்றது.

எங்கள் வக்கீல் அதையே திருப்பிப் போட்டார். இவன் என்ன செய்தான்? நின்றான். கடையில் கேமரா இருந்தது, தெருமுனையில் இல்லை. பைக்கைத் தவிர இவனிடம் பறிமுதல் எதுவும் இல்லை. இவன் பேரைச் சொன்னது ஏ-1, அதுவும் போலீஸிடம். போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம் விசாரணையில் சாட்சியமாக நிற்காது. போன்கள் கிடைத்துவிட்டன. முன் வழக்கு இல்லை. உள்ளே போய் 31 நாள்.

நாலு நிமிஷத்தில் ஜாமீன். பத்தாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து.

அந்த அம்மாவின் அண்ணன் ஒரு ஆள். இன்னொருவர்? வீட்டு வரி ரசீது இருக்கவேண்டும். அப்பா கட்டிய வீடு, ரசீது என் பேரில். அந்த அம்மா என்னிடம் கேட்கவேயில்லை. அதுதான் கஷ்டம். கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

ராத்திரி தூக்கமில்லை. பாலன்ஸ் ஷீட் அடியில் 'கன்டிஞ்சென்ட் லையபிலிட்டி' என்று பொடி எழுத்தில் போடுவோமே, நடந்தால் நஷ்டம், அது நான்தான். பையன் ஓடினால் பணம் என்னுடையது. "நல்லா யோசிச்சுக்குங்க" என்று மனைவி திரும்பிப் படுத்தாள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு இதே பத்தாயிரம் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி வந்து நின்றும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஆயிரம் ரூபாய்க்கு அவர் சொந்த ஜாமீனே போதும் என்று ஆனது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றி ஜெயில் அதிகாரி சட்ட உதவி மையத்துக்குச் சொல்லவேண்டும் என்று 2023-லும் ஒரு உத்தரவு. அந்த ஏழு நாளை மாடியில் அந்த அம்மா எண்ணிக்கொண்டிருப்பார்.

காலையில் ரசீதை எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது எனக்கொரு வியாதி. பத்து மணி ஆனால் காது மாடிப்படிக்குப் போய்விடுகிறது. பத்தரைக்கு ஸ்டேஷனில் இருக்கிறவனுக்கு எந்த ஆபீஸில் வேலை கொடுப்பார்கள் என்பது தனிக் கவலை. நேற்று செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பத்தே கால். லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பையன் சீக்கிரமே வந்து, பேனாவில் மை தீர்ந்து, ஏட்டையாவிடம் கடன் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் பேனாவைக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.