அலுவலகக் கணினிக்கு 8.8.8.8 எதற்கு?

2024 செப்டம்பர் முதல் வாரத்தில்தான் மலேசியர்களில் பலர் டிஎன்எஸ் என்ற சொல்லையே கேள்விப்பட்டார்கள். வெளியார் நடத்தும் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சொந்தச் சர்வர்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டிருந்தது. கெடு செப்டம்பர் 30. மக்சிஸ், டைம் ஆகிய நிறுவனங்கள் முன்கூட்டியே தொடங்கிவிட்டன. எதிர்ப்பு கிளம்பியது, செப்டம்பர் 8ஆம் தேதி, தொடர்புத்துறை அமைச்சர் ஃபாஹ்மி ஃபட்சில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

அந்தச் சர்ச்சையில் கூகிளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்ற இரண்டு எண்களும் பிரபலமாயின. வீட்டுக் கணினியில் எதை வைத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால் அதே எண்ணை அலுவலகக் கணினியில், அதுவும் 'இரண்டாவது டிஎன்எஸ்' என்ற கட்டத்தில், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று போட்டுவைக்கும் பழக்கம் பினாங்கிலும் இருக்கிறது. அந்தப் பழக்கம் போக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

காரணம் சொல்ல, கணினி காலையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இருபது முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பொதுவாக ஒரு டைரக்டரி சர்வர் இருக்கும். ஊழியர்களின் பெயர், கடவுச்சொல், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த பிரிண்டரைப் பயன்படுத்தலாம் என்ற விவரமெல்லாம் அதில்தான். ஆனால் மேசை மேல் இருக்கும் கணினிக்கு அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது தான் சேர்ந்திருக்கும் டொமைனின் பெயர் மட்டுமே. அதை வைத்து டிஎன்எஸ்ஸிடம் ஒரு கேள்வி கேட்கிறது: 'இந்த டொமைனில் டைரக்டரி சேவை தருபவர்கள் யார் யார், எந்தப் போர்ட்டில்?' இந்தக் கேள்விக்குப் பதிலாக வருவது எஸ்ஆர்வி பதிவு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வெளிவந்தபோது, மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி முழுக்க இந்தப் பதிவை நம்பியே கட்டப்பட்டது. இன்றும் அப்படித்தான்.

பதிலில் வரும் பெயர்களுக்குக் கணினி ஒரு சிறிய செய்தி அனுப்பும். முதலில் பதில் தரும் சர்வரைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சர்வர் கணினியின் ஐபி எண்ணைப் பார்த்து, 'நீ எந்தக் கிளையைச் சேர்ந்தவன், உன் கிளைக்கு நான் பக்கத்தில் இருக்கிறேனா' என்பதையும் சொல்லிவிடும். பக்கத்தில் இல்லையென்றால், கணினி தன் கிளைக்குரிய சர்வரைத் தேடி மறுபடி டிஎன்எஸ்ஸைக் கேட்கும். கண்டுபிடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தேடிச் சரிபார்க்கும்.

ஜார்ஜ்டவுனில் தலைமை அலுவலகம், பாலத்துக்கு அப்பால் பிறையில் கிடங்கு, கோலாலம்பூரில் கிளை என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிடங்கின் புதிய ஐபி வரிசையை டைரக்டரியில் பதிய மறந்தால், பிறையில் இருக்கும் கணினி காலையில் கோலாலம்பூர் சர்வரிடம் போய் நிற்கும். 'நெட் ஸ்லோ' என்று ஊழியர்கள் சொல்வார்கள். இணைய வேகத்தைக் கூட்டிப் பணம் கட்டியும் பயன் இருக்காது.

இப்போது அந்த இரண்டாவது கட்டத்துக்கு வருவோம். முதல் டிஎன்எஸ் பதில் தராவிட்டால்தான் கணினி இரண்டாவதைக் கேட்கும். இரண்டாவது ஏதாவது பதில் சொல்லிவிட்டால் அதை அப்படியே நம்பிவிடும். அலுவலகச் சர்வர் மறுதொடக்கம் ஆகும் ஓரிரு நிமிடத்தில் கேள்வி 8.8.8.8க்குப் போகிறது. 'அப்படி ஒரு பெயரே உலகத்தில் இல்லை' என்று கூகிள் சொல்கிறது. சொன்னது உண்மைதான்; அந்தப் பெயர் நான்கு சுவருக்குள் மட்டும் வழங்கும் பெயர். அலுவலகச் சர்வர் எழுந்துவிட்ட பிறகும் கணினி உடனே அதனிடம் திரும்புவதில்லை. சற்று நேரம் வெளியாளிடமே கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊழியர் கடவுச்சொல் போட்டால் கணினி உள்ளே விடும், ஏனென்றால் விண்டோஸ் பழைய உள்நுழைவு விவரங்களை நினைவில் வைத்திருக்கிறது. யூடியூப் ஓடும். வாட்ஸ்அப் ஓடும். பொதுக் கோப்புகள் மட்டும் திறக்காது, பிரிண்டர் மட்டும் வராது. இணையம் நன்றாக இருப்பதால் டிஎன்எஸ்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பழுது பார்க்க வருபவர் கேபிளை மாற்றுவார், சுவிட்சை மாற்றுவார், கடைசியில் கணினியையே டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்ப்பார். அதற்குள் டிஎன்எஸ் தானாகவே சரியாகியிருக்கும். தான் செய்ததால் சரியானது என்று அவரும் நம்புவார்.

இதில் ரகசியம் கசிவதும் உண்டு. உள்வீட்டுப் பெயர்களை வெளியில் போய்க் கேட்பது, நம் சர்வரின் பெயரை ஊருக்கு அறிவிப்பதுதான். மைக்ரோசாஃப்ட் தன் பழைய வழிகாட்டிகளில் உதாரணமாக 'கார்ப்' என்ற பெயரைக் காட்டியிருந்தது. பல நிறுவனங்கள் அதையே தங்கள் டொமைனுக்கு வைத்துவிட்டன. அவற்றின் மடிக்கணினிகள் அலுவலகத்துக்கு வெளியே போனதும் 'கார்ப் டாட் காம்' என்ற இணைய முகவரியின் கதவைத் தட்டத் தொடங்கின. ஆராய்ந்தபோது 3.75 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் அங்கே வந்து நின்றது தெரிந்தது. கடைசியில் 2020இல் அந்த முகவரியை மைக்ரோசாஃப்டே விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டது.

சரி, இரண்டாவது கட்டத்தில் எதைப் போடுவது? நம்முடைய இன்னொரு டைரக்டரி சர்வரை. செலவாகுமே என்பார்கள், ஆகத்தான் செய்யும். ஆறேழு பேர் உள்ள கடைக்கு டைரக்டரி சர்வரே தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் முப்பது பேரின் வேலை ஒரே பெட்டியை நம்பியிருக்கிறது, அந்தப் பெட்டியும் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது என்றால், 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அது சிக்கனமாகாது. இரண்டாவதை மாடியிலோ பிறையிலோ வைக்கலாம்.

அப்படி இரண்டு இருந்தாலும் ஒன்று மற்றதன் நகல்தான் என்பதை மறக்கக் கூடாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதன் 150 போன்ற டைரக்டரி சர்வர்களும் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்ததால் தனிக் காப்பு வைத்திருக்கவில்லை; எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானாவில் மின்தடையால் நின்றுபோயிருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் மற்றதையெல்லாம் மீட்டார்கள். துறைமுகத்தை நம்பி வளர்ந்த ஊர்க்காரர்கள் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாவது சர்வருக்கு வழியே இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சர்வர் விழும்போது இணையமும் சேர்ந்து நிற்கும், எல்லாரும் கத்துவார்கள், பழுது எங்கே என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அரைகுறையாக ஓடி நாள் முழுக்கத் தேடவைப்பதைவிட அது மேல். 8.8.8.8 வேண்டுமென்றால் சர்வரில் போடலாம்: கணினிகள் சர்வரைக் கேட்கட்டும், தனக்குத் தெரியாத வெளிப்பெயரை மட்டும் சர்வர் வெளியே கேட்டு வாங்கித் தரட்டும்.

இன்னொன்று: இணையச் சேவையை மாற்றும்போது வருகிற புதிய ரவுட்டர், சும்மா விட்டால், அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் தன்னையே டிஎன்எஸ்ஸாக அறிவித்துவிடும். பொருத்த வருபவருக்கு உங்கள் டைரக்டரி பற்றி எதுவும் தெரியாது. அவர் கிளம்பும் முன் ஏதாவது ஒரு கணினியின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, அந்த இரண்டு கட்டங்களில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.