சாட்டை கை மாறினால் போதுமா?



‘எங்க வீட்டுப் பிள்ளை’ எங்களுக்குப் பிடிக்காத படம். இதைச் சொன்னால் லயத்தில் பாதிப் பேர் எங்களோடு பேச மாட்டார்கள் என்று தெரியும். எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் வீடுகள் மலையகத்தில் இன்னும் இருக்கின்றன. தொலைக்காட்சியில் அந்தச் சாட்டைப் பாட்டு வந்தால் அடுப்பில் கொதிக்கிற கறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தப் படம் சொல்லிக் கொடுக்கிற பாடத்தோடுதான் எங்கள் சண்டை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராமு ஜமீன் வாரிசு, ஆனால் பயந்தாங்கொள்ளி. அக்காள் புருஷன் கஜேந்திரன் அவனைச் சாட்டையால் அடித்து அடக்கி, சொத்தை ஆண்டுகொண்டிருக்கிறான். அடி தாங்காமல் ராமு வீட்டை விட்டு ஓடுகிறான். அவனைப் போலவே முகமுள்ள இளங்கோ அந்த வீட்டுக்குள் வந்து சேர்கிறான். அதே சாட்டையைப் பிடுங்கி, மாடிப்படியில் நம்பியாரை விரட்டி விரட்டி அடிக்கிறான். கொட்டகை அதிர்கிறது.

ஏன் அதிர்ந்தது என்பதும் எங்களுக்குப் புரிகிறது. கங்காணியின் பிரம்பையும் துரையின் பூட்ஸ் காலையும் கண்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். திருப்பி அடிக்க முடியாத கை திரையிலாவது திருப்பி அடிப்பதைப் பார்த்துக் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் இருந்த வலி உண்மை. ஆனால் வலி உண்மை என்பதற்காக, படம் கொடுக்கிற மருந்தும் சரியாகிவிடாது.

முதலாவது குற்றச்சாட்டு. அந்த வீட்டில் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், ஜமீன் நிலத்தில் பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராமு அடி வாங்கும்போதும் அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கஜேந்திரன் அடி வாங்கும்போதும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் ஒன்றுகூடி ஒரு வார்த்தை பேசித்தான் அநியாயம் நின்றது என்று படம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு ஆம்பிளை முடித்துக் கொடுக்கிறான். அந்தப் பாட்டில் பேசுவது ‘நான்’ மட்டும்தான். ‘நாம்’ எங்கே?

இரண்டாவது, இதைவிட மோசமானது. இளங்கோ ஏழைத் தாயிடம் வளர்ந்தவன், வேலையில்லாதவன், ஆனாலும் துணிச்சல்காரன். ஆகா, நம்மில் ஒருவன் என்று நெஞ்சு நிமிரும் நேரத்தில் படம் என்ன சொல்கிறது? அவன் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன ஜமீன் பிள்ளையாம்! ராமுவோடு கூடப் பிறந்த இரட்டையாம்! ஏழை வீட்டில் பிறந்தவனுக்கே அந்தத் துணிச்சல் இருந்தது என்று சொல்லப் படத்துக்கு வாய் வரவில்லை. கடைசியில் சொத்து உரிய வாரிசுகளிடம் சேர்கிறது. வேலைக்காரர்கள் அதே வேலைக்காரர்கள்தான். அவர்கள் சம்பளம் ஒரு சதம்கூடக் கூடியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, அந்தச் சாட்டை. கெட்டவன் கையில் இருந்தால் கொடுமை, நல்லவன் கையில் இருந்தால் நீதி என்கிறது படம். தோட்டத்தில் வாழ்கிற நமக்கு இதில் ஏமாற இடமில்லை. நல்ல துரை, கெட்ட துரை என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! நல்ல துரை மாற்றலாகிப் போன மறுநாள் பிரட்டுக்களத்தில் என்ன நடக்கும்? அவர் கொடுத்ததெல்லாம் அவரோடு போய்விடும். ஒருவரின் நல்ல மனதில் தொங்குகிற உரிமை, உரிமையே இல்லை. சாட்டை யார் கையில் என்று சங்கம் கேட்பதில்லை. யார் கையிலும் சாட்டை இருக்கக்கூடாது என்பதுதான் சங்கத்தின் பேச்சு.

‘சினிமாவைப் போய் இப்படிப் பார்க்கலாமா, பொழுதுபோக்குத்தானே’ என்பார்கள். அந்தப் படம் வெளியான நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று, ஆடுமாட்டைப் பங்கு போடுவதுபோல் நம்மைப் பிரித்தார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து, 1965 பொங்கலுக்கு இந்தப் படம் தமிழ்நாட்டில் வந்தது. பிறகு நம்மவர்களும் பார்த்துக் கைதட்டினார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தைக் கிழிக்க எந்த இளங்கோவும் மாடிப்படியில் வரவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களுக்கு அது தெரியும்.

நம் சொந்த வரலாறு வேறு கதை சொல்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் உயிர் கொடுத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதைத் தடுக்க நின்ற மக்களில் ஒருவரான சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். இவர்கள் ஜமீன் வாரிசுகள் அல்ல. கையில் சாட்டையும் இல்லை. பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள், அதுதான் அவர்கள் பலம். 1984 ஏப்ரலில் சங்கங்கள் கட்சி பார்க்காமல் ஒன்றாக நடத்திய வேலைநிறுத்தத்தால்தான் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமச் சம்பளம் வந்தது. இன்று கொழுந்துக் கூடை சுமக்கிற ஒவ்வொரு தங்கச்சியும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தில் பண்டரிபாய் செய்வதுபோல் அழுதுகொண்டிருந்து வாங்கியதல்ல அது.

இந்தப் பழைய படத்தை இப்போது ஏன் இழுக்கிறோம்? அந்தப் பாடம் இன்னும் நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பதால்தான். 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் பல தோட்டங்களில் பட்டாசு கொளுத்தினார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் நம் கைக்கு எட்டியது 1,350 ரூபா. வர்த்தமானி வந்த அன்று பட்டாசுக்குக் கூடிய கூட்டத்தில் பாதி, கிலோக் கணக்கைப் பற்றிப் பேச அழைத்த கூட்டத்துக்கு வந்ததா? ‘தலைவர் பார்த்துக்கொள்வார்’, ‘ஐயா பேசி முடிப்பார்’, ‘இந்தமுறை நல்ல ஆள் வந்திருக்கிறார்’ என்று வீட்டிலேயே இருந்துவிடவில்லையா? தேர்தலுக்குத் தேர்தல் ஒரு இளங்கோவைத் தேடுகிறோம். மாலை போட்டுத் தோளில் தூக்குகிறோம். ஐந்து வருடம் கழித்துச் சாட்டை வேறு ஒருவர் கையில் இருக்கிறது, நம் முதுகு அதே இடத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூட இடைவேளையில் பிள்ளைகள் இந்தப் பாட்டை வைத்து விளையாடுவதைப் பார்க்கிறோம். சாட்டை பிடிக்க எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து அந்தச் சாட்டையைப் பிடுங்கித் தூர எறிகிற விளையாட்டை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது பெரியவர்களான நம் கடமை.

படத்தைப் பாருங்கள், பாட்டைக் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? எம்.ஜி.ஆரின் இரட்டை வேட நடிப்பையும் மெல்லிசை மன்னர்களின் இசையையும் ரசியுங்கள். ஆனால் பெட்டியை அணைத்த பிறகு நடக்கவேண்டியதை நடத்துங்கள். சம்பளச் சீட்டைக் கையில் எடுத்து, எத்தனை பெயர் விழுந்திருக்கிறது, எத்தனை கிலோ வெட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்து எண்ணுங்கள். பிழை இருந்தால் தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகத் தோட்டக் கமிட்டிக்கு வாருங்கள். கமிட்டியில் பெண்களுக்கு இடம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் சண்டை போட்டு வாங்குங்கள்.

நம்மைக் காப்பாற்ற முகம் ஒத்த இன்னொருவன் வரமாட்டான். கூடை சுமந்து காய்த்துப்போன நம் கைகள்தான் இருக்கின்றன. அவை ஒன்றாக உயரட்டும்!