தேதி பார்த்து வரும் தாராளம்

ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து, "ஆடி அமாவாசைக்கு மதியச் சாப்பாடு எங்க செலவு" என்று சொல்லிப் பாருங்கள். "அன்னைக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லிட்டாங்க சார், வேற நாள் தரட்டுமா?" என்று கேட்பார்கள். வேறு நாள் என்றதும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடும். அமாவாசையன்று வடை, பாயசம், கேசரி என்று வந்து குவியும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வாரம் டயப்பர் தீர்ந்திருக்கும், இரவில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம் பாக்கி நிற்கும். கரன்ட் பில்லைக் கட்டுகிறேன் என்று பிறந்தநாளன்று யாரும் வந்து நிற்பதில்லை.

கொடுக்கும் மனம் நமக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மனம் விசேஷ நாட்களில்தான் விழித்துக்கொள்கிறது. பசிக்கும் நோய்க்கும் பஞ்சாங்கம் தெரியாது.

இந்த முரணை ரத்த வங்கிகளில் பச்சையாகப் பார்க்கலாம். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள் என்றால் முகாமில் வரிசை நீளும். எடுத்த ரத்தத்தை ஆண்டு முழுக்க வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாட்கள்வரை தாங்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாட்கள்தான். கல்லூரிகள் மூடிக்கிடக்கும் கோடை விடுமுறையில் வங்கி வறண்டுவிடும். தலசீமியா உள்ள குழந்தைக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அப்போதுதான் வார்டு வாசலில் ஒரு தகப்பன் செல்போனும் கையுமாக, "ஓ நெகட்டிவ் யாராவது இருக்கீங்களா?" என்று தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருப்பார். ஆரோக்கியமான ஆண் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் பெண் 4 மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்தம் தரலாம். முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித் தவணை வைத்து வந்தாலே அந்தத் தகப்பனின் அலைச்சல் பெருமளவு குறையும்.

முகாம்களைக் குறை சொல்லவில்லை. ஊசிக்குப் பயந்த எத்தனையோ இளைஞர்கள் முதன்முதலாகக் கை நீட்டியது அங்கேதான். இரண்டாம் முறை வருகிறார்களா என்பதுதான் கேள்வி.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையைத் தொடங்கியபோது, விசேஷம் பார்த்துச் சோறு போட ஏற்பாடு செய்யவில்லை. தினமும் போட ஏற்பாடு செய்தார். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அரிசியும் விறகும் கொடுத்த பெயர் தெரியாத எத்தனையோ பேரின் தொடர் பொறுப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது.

அன்றாடக் கொடைக்குக் கைதட்டல் இல்லை. வெளிச்சத்தை மறைக்குமளவுக்கு 'உபயம்' எழுதிய டியூப்லைட்டுகளைக் கோயில்களில் பார்த்திருக்கிறோம். மாதாமாதம் வாங்கும் பினாயிலில் யார் பெயரை எழுதுவது?

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். வேலை செய்யும் அக்காவுக்குத் தீபாவளிச் சேலை எடுத்துத் தருவதில் நாம் கருமித்தனம் காட்டுவதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராவிட்டால், மாதக் கடைசியில் அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோம். சேலையை நாலு பேரிடம் காட்டி அவர் சந்தோஷப்படுவார். பிடிக்காமல் விட்ட சம்பளத்தை யாரிடம் காட்டுவார்? சேலையைவிடப் பெரிய கொடை அந்தச் சம்பளம்தான் என்பேன். அதைக் கொடை என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அது அவருக்குச் சேர வேண்டியது.

தாராள மனம் பிறவியிலேயே வாய்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய விஷயமில்லை இது. மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்குவதுபோல் சிறு தொகை ஒன்றைச் சம்பளம் வந்ததும் தனியே எடுத்துவைத்தால், கொடுக்கலாமா வேண்டாமா என்று மாதந்தோறும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. அடுத்த பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தைக் கூப்பிடும்போது, சாப்பாட்டுக்கு நாள் கேட்காதீர்கள். "இந்த மாதம் எந்தச் செலவு இடிக்கிறது?" என்று கேளுங்கள். அடுத்த மாதமும் கேளுங்கள்.