செத்தவீட்டுக்கு அப்பொயின்ட்மென்ட் இல்லை

மாமி ஒரு செவ்வாய்க்கிழமை விடிய நாலு மணிக்குப் போனா. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அவ ஒரே தங்கை. ஊரில் ஆச்சி வருத்தமாகக் கிடந்த காலத்தில் மாமிக்குத் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினது பெரியப்பாதான். மாமி ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருந்தா, நாங்கள் லண்டனில். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை இதேதான்.

அன்று காலை ஆறு மணிக்குப் பெரியப்பா வீட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து விசா அப்பொயின்ட்மென்ட் தேடினேன். பெரியப்பா பக்கத்தில் ஒரு பைலைப் பிடித்தபடி இருந்தார். பாஸ்போட், வங்கிக் கூற்று, வேலைக் கடிதம் எல்லாம் அதற்குள். திரையில் கிடைத்த முதல் நாள் சரியாக 30 நாள் தள்ளி இருந்தது. அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"அண்டைக்கு அந்தியேட்டியெல்லோ பிள்ளை," என்றார்.

அவசரம் என்று மின்னஞ்சல் போட்டேன். தானாக வருகிற பதில் ஒன்று வந்தது: உங்கள் செய்தி கிடைத்தது, வரிசைப்படி பார்ப்போம். தமிழ்க் கடையில் ஒருவர், 150 பவுண் தந்தால் மூன்று நாளில் "சிலொட்" எடுத்துத் தரலாம் என்றார். அது உண்மையா பொய்யா என்று கேட்கக்கூட எங்களுக்கு அன்று தெம்பு இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு யார் யார் போனார்கள் என்று பாருங்கள். அப்பாவும் நானும் போனோம். எங்களிடம் பிரித்தானியப் பாஸ்போட். எங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சூரிச்சிலிருந்து சித்தப்பா ரெயிலில் வந்தார். அவரிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட், பெரியப்பாவிடம் இருக்கிற அதே பாஸ்போட். ஆனால் சித்தப்பாவிடம் சுவிஸ் வதிவிட அட்டை இருக்கிறது. சுவிஸ் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கனுக்குள் இருப்பதால், அந்த அட்டையோடு அவர் 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம். பெரியப்பாவிடம் இருப்பது பிரித்தானிய நிரந்தர வதிவிட உரிமை. இருபது வருடத்துக்கு மேலாக வரி கட்டுகிறார். ஷெங்கன் கணக்கில் அதற்குப் பெறுமதி இல்லை. இது பிரெக்சிற் செய்த வேலையும் இல்லை, பிரித்தானியா ஒருநாளும் ஷெங்கனில் இருந்ததில்லை.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் ரெயிலில் ஏறினார், ஒருவர் வீட்டில் இருந்தார். இதைத்தான் "நடைமுறை" என்கிறார்கள். நான் இதை அநியாயம் என்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். ஷெங்கன் நாடுகள் 29க்கும் பொதுவாக விசாச் சட்டக்கோவை ஒன்று இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னமே விண்ணப்பிக்கத் தொடங்கலாம். வழமையாக 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. முடிவு 15 நாளில் வரவேண்டும், தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்கவேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது 9ஆம் பிரிவு. அப்பொயின்ட்மென்ட் கேட்ட நாளிலிருந்து வழமையாக இரண்டு கிழமைக்குள் கொடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நியாயமான அவசரம் என்றால் 15 நாள் எல்லையைத் தளர்த்தலாம், அப்பொயின்ட்மென்ட் இல்லாமலே விண்ணப்பத்தை வாங்கலாம், அல்லது உடனடியாக ஒரு நேரம் கொடுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது, சாவு என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அவர்கள் முதலில் எழுதிய சொல் "லாம்". தூதரகம் அனுமதிக்கலாம். அனுமதிக்கவேண்டும் என்று இல்லை. "வேண்டும்" என்பது எங்களுக்கு: காப்புறுதி வேண்டும், வங்கிக் கூற்று வேண்டும், 90 யூரோ வேண்டும். அவர்கள் பக்கம் வந்தவுடன் பல இடங்களில் அது "லாம்" ஆகிவிடுகிறது. அந்த "லாம்" திறக்கிற கதவு எங்கே இருக்கிறது, எந்த இலக்கத்துக்கு அடிப்பது, யாரிடம் கேட்பது? விடிய ஆறு மணிக்கு, அழுது வீங்கிய கண்ணோடு ஒருவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

இப்போது எங்கள் நாட்டைப் பார்ப்போம். பிரித்தானியாவை நான் "எங்கள் நாடு" என்றுதான் சொல்வேன், நான் பிறந்தது இங்கே. ஆகவே இதன் கணக்கையும் நான் கேட்கவேண்டும். செத்தது லண்டனில் என்று வையுங்கள். பாரிசில் இலங்கைப் பாஸ்போட்டோடு இருக்கும் அக்கா இங்கே வர விசா எடுக்கவேண்டும். வருகையாளர் விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண் ஆனது. சாதாரணமாக மூன்று கிழமை. அவசரமா? அந்தச் சேவை இருக்கிற இடத்தில் மேலதிகமாக 500 பவுண் கட்டினால் ஐந்து வேலை நாள். 1,000 பவுண் கட்டினால் அடுத்த வேலை நாளே முடிவு.

இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நாள் ஏன் எடுக்கிறது என்று கேட்டால் பாதுகாப்பு, சரிபார்ப்பு என்று சொல்வார்கள். ஆயிரம் பவுண் கட்டியவருக்கு அதே சரிபார்ப்பை ஒரு நாளில் செய்ய முடிகிறது. அப்படியென்றால் மூன்று கிழமையும் சரிபார்ப்புக்குப் போகவில்லை. பெரும்பகுதி வரிசையில் காத்துக் கிடப்பதற்குத்தான் போகிறது. அந்த வரிசையில் முன்னால் வர ஒரு விலை வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வருபவரிடம் அந்த விலையைக் கேட்கட்டும், எனக்குக் கவலையில்லை. தாயின் செத்தவீட்டுக்கு வருபவரிடமும் அதே விலையைக் கேட்பது வெட்கக்கேடு.

ஒரு பக்கம் வேகத்தை விற்கிறது. மற்றப் பக்கம் வேகத்தை ஒளித்து வைக்கிறது. இரண்டிலும் பிணம் காத்திருக்காது.

"அப்ப பிரித்தானியப் பாஸ்போட்டை எடுத்திருக்கலாம்தானே?" இதை என்னிடம் கேட்டது வெள்ளைக்காரர் இல்லை, என் வயது தமிழ்ப் பிள்ளைகள். பதில் சொல்கிறேன். குடியுரிமை விண்ணப்பத்துக்கு 1,500 பவுணுக்கு மேல். அதற்கு முன்னால் 24 கேள்வி கொண்ட பிரித்தானிய வாழ்வுப் பரீட்சை, அதற்கு 50 பவுண். ஆங்கிலச் சான்றிதழ் வேறு. இரவு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்த மனிதருக்கு அந்தக் காசு எப்போதும் வேறு ஒன்றுக்குத் தேவைப்பட்டது. முதலில் பிள்ளைகளுக்கு எடுத்தார், பிறகு பெரியம்மாவுக்கு. தனக்கு அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளினார். எங்கள் கையில் இருக்கிற பாஸ்போட்டுகள் பலவற்றுக்கு இப்படித்தான் காசு வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து "எடுத்திருக்கலாமே" என்று கேட்க எங்களுக்கு வாய் வரக்கூடாது.

"இலகுவாக்கினால் பொய் சொல்லி வருவார்கள்" என்பது அடுத்த வாதம். சிலர் சொல்வார்கள்தான். ஆனால் மரணச் சான்றிதழைச் சரிபார்க்க முடியும். மருத்துவமனைக்கும் இறுதிச்சடங்கு செய்யும் நிறுவனத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். லண்டனில் வீடும் வேலையும் பேரப்பிள்ளையும் இருக்கிற ஒருவர் இன்னொரு நாட்டில் போய் ஒளிந்திருக்கப்போவதில்லை. ஐந்து நாளுக்கு மட்டும், அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் விசா கொடுக்கவும் அதே சட்டக்கோவையில் வழி இருக்கிறது. 25ஆம் பிரிவு, மனிதாபிமானக் காரணம். வழி இல்லாமல் இல்லை, திறக்கத்தான் ஆளில்லை.

ஆகவே நாங்கள் கேட்கவேண்டியது பெரிய புரட்சி இல்லை. நெருங்கிய உறவினரின் மரணத்துக்கு இரண்டு வேலை நாளுக்குள் அப்பொயின்ட்மென்ட் கட்டாயம் என்று "லாம்" என்பதை "வேண்டும்" ஆக்கவேண்டும். அதற்கென்று ஒரு தொலைபேசி இலக்கம், அதை எடுக்க ஒரு மனிதர். பிரித்தானியா செத்தவீட்டு விண்ணப்பங்களுக்கு அவசரக் கட்டணத்தை நீக்கவேண்டும். பிரித்தானியாவும் ஷெங்கன் நாடுகளும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்குப் பரஸ்பரம் இலகுவான வழி ஒன்றைப் பேசி முடிக்கவேண்டும். உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதுங்கள். கோபத்தை இன்ஸ்டா ஸ்டோரியில் போட்டால் 24 மணித்தியாலத்தில் போய்விடும், கடிதத்துக்கு ஒரு பதிலாவது வரும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் முடியாது. இது என் வயதுப் பிள்ளைகளுக்கு. நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யோசித்து சனிக்கிழமை பார்சலோனாவில் நிற்கிறோம். வீட்டில் இருக்கிற பெரியவர்களின் கடதாசிகளை நாங்கள் ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. நான் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பெரியப்பாவின் பாஸ்போட்டை முதல்முதலாகக் கையில் எடுத்தேன்.

இன்றைக்கே பாருங்கள். பாஸ்போட் கடந்த பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். திரும்பி வருகிற நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும். பிரித்தானிய வதிவிட அட்டைகள் போய் ஈ-விசா வந்துவிட்டது. அவர்களுடைய கணக்கு திறந்திருக்கிறதா, அதில் புதிய பாஸ்போட் இலக்கம் இருக்கிறதா, எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது? எல்லாரும் சுகமாக இருக்கும்போதே உறவினரைப் பார்க்க என்று ஒரு விசா எடுத்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்குள் மூன்று விசா ஒழுங்காகப் பாவித்தவருக்கு ஒரு வருடப் பலமுறை விசா, அதன்பின் இரண்டு வருடம், அதன்பின் ஐந்து வருடம் என்று கூடிக்கொண்டு போகும். அது கையில் இருந்தால் விடிய நாலு மணிக்கு வருகிற அழைப்புக்கு ஆறு மணிக்குப் புறப்படலாம். அவசரம் வந்தால் "தயவுசெய்து" என்று மட்டும் எழுதாதீர்கள். 9ஆம் பிரிவைச் சொல்லி, மரணச் சான்றிதழை இணைத்து, சடங்கு நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நான் அன்று எழுதிய மின்னஞ்சலில் இதில் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது பெரியப்பாவின் பிழை இல்லை, கொஞ்சம் என்னுடைய பிழை.

செத்தவீட்டன்று நான் போனை மாமியின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றேன். லண்டனில் பெரியப்பா முழுகி வெள்ளை வேட்டி கட்டி, வரவேற்பறையில் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அதன் முன்னால் நின்றார். எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள். அவர் முறை வந்தபோது கை நிறைய அரிசி எடுத்தார், எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்ப டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

முப்பதாம் நாள் காலை அவருடைய போனுக்கு நினைவூட்டல் வந்தது: இன்று உங்கள் அப்பொயின்ட்மென்ட், 15 நிமிடம் முன்னதாக வரவும். அவர் போகவில்லை. அந்தியேட்டிப் படையலுக்கு மரக்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

இதை வாசித்து முடித்தவுடன் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட பாஸ்போட் எங்க இருக்கு, எப்ப முடியுது?"