ஹாலில் ஒரு மஹாசீர்

நம் வீட்டு ஹால் சுவர்களுக்கு என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. கிழக்கே சாமி படம், அதன் தலையில் சீரியல் பல்பு. சந்தன மாலை போட்ட தாத்தா. நகைக்கடை காலண்டர். கல்யாணமான புதிதில் ஊட்டி பொட்டானிகல் கார்டனில் கூலிங் கிளாஸோடு எடுத்துக்கொண்ட போட்டோ. எங்கள் வீட்டில் இவற்றுக்கெல்லாம் நடுவே, மூன்றரை அடி நீளத்தில், வாயைப் பிளந்தபடி ஒரு மீன் தொங்குகிறது.

பிளாஸ்டிக் பொம்மை இல்லை. பாடம் செய்த மஹாசீர்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நாத்தம் வராதா ஸார்?" வராது. ஏனென்றால் உள்ளே மீனே கிடையாது. தோல், துடுப்பு, தலை எலும்பு, இவ்வளவுதான் அசல். சதையை வழித்தெடுத்துவிட்டு, தோலைப் பதப்படுத்தி, ஓர் அச்சின் மேல் போர்த்தித் தைத்திருப்பார்கள். கண், கண்ணாடி. கலர், பெயிண்ட். மீன் செத்ததும் அதன் நிறமும் மங்கிவிடும் என்பதால், சுவரில் மாட்டுகிற எந்த மீனும் பாதி மீன், பாதி ஓவியம். கல்யாண மேடை மேக்கப்பை உதாரணம் சொல்லலாம்தான். என் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.

மஹாசீர் நம் கெண்டையின் ஒன்றுவிட்ட அண்ணன். உள்ளங்கை அகலத்துக்குச் செதில், ஓடுகிற ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற முரட்டுத்தனம். வெள்ளைக்கார துரைகளுக்கு இதைத் தூண்டிலில் பிடிப்பது கிட்டத்தட்ட புலி வேட்டை மாதிரி கௌரவம். 1873-லேயே ஹெச்.எஸ். தாமஸ் என்ற மதராஸ் ராஜதானி ஐ.சி.எஸ். அதிகாரி இந்தியத் தூண்டில் கலை பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஃபைல்களை எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. 1946-ல் கபினி ஆற்றில் டி வெட் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. 54 கிலோ. எங்கள் மானேஜர் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. இந்த வான் இங்கன் குடும்பம்தான் மைசூரில் ஆயிரக்கணக்கில் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து மகாராஜாக்களின் சுவர்களுக்கு அனுப்பியது. 1999-ல் கடையை மூடிவிட்டார்கள்.

எங்கள் மீனுக்கு இத்தனை பெரிய ஜாதகம் இல்லை. தாத்தா குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கிளார்க். துரை சீமைக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அப்பா யார் வந்தாலும் சொல்வது ஒன்றே ஒன்று: "எங்கப்பா புடிச்ச மீனு." பலகையில் பித்தளைத் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள்தான் மிச்சம் என்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

போன மழைக்குச் சுவர் ஓதம் காத்து, மீனின் வால் அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பித்தது. தாடைக்குக் கீழே பழுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. ஆபீஸில் சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம். "சோப்புத் தண்ணியில தொடைங்க." "தேங்கா எண்ணெய் தடவுங்க, பளபளன்னு ஆயிடும்." தெருமுனை வேன் பெயிண்டர் நேரில் வந்து பார்த்தார். "கோல்டு கலர் அடிச்சுடலாம் ஸார், லாரி பம்பர் மாதிரி மின்னும்." இன்னொருவர், தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைபர் கிளாஸில் புதிதாகவே வார்த்துத் தருவதாகச் சொன்னார். அதைக் குறை சொல்ல முடியாது. இப்போது வெளிநாடுகளில் மீனை அளந்து, போட்டோ எடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட்டு, ஃபைபர் மீனைத்தான் மாட்டுகிறார்கள்.

கடைசியில் மியூசியத்தில் வேலை பார்த்து ரிடையரான ஒரு பெரியவர் கிடைத்தார். உள்ளே வந்ததும் அவர் மீனைப் பார்க்கவில்லை. அதன் கீழே நின்று வாலைத் தட்டி டாட்டா காட்டிக்கொண்டிருந்த என் ஐந்து வயது மகளைப் பார்த்தார்.

"பாப்பா, போய் நல்லா சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு வாம்மா."

அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலில் ஆர்சனிக் தடவுவது வழக்கமாம். அது எத்தனை வருஷமானாலும் போகாது. பழைய மீனோ மான் தலையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணி கூடாது, வெறும் கை கூடாது. மாஸ்க், கிளவுஸ், மென்மையான பிரஷ். சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டவே கூடாது. கீழே பவுடர் மாதிரி கொட்டியிருந்தால் உள்ளே வண்டுப் புழு இருக்கிறது என்று அர்த்தம். வெயில் நேராகப் படுகிற சுவரும் ஆகாது, ஓதம் ஏறுகிற சுவரும் ஆகாது. கண்ணாடிப் பெட்டி உத்தமம்.

வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று. பிசுபிசுப்பு, அன்று சரியாக எடுக்காமல் விட்ட கொழுப்பு கசிந்ததாம். பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு எடுத்தார். வாலுக்குப் பின்பக்கம் மெல்லிய காகிதத்தைப் பசை வைத்து ஒட்டி, உடைந்த இடங்களுக்கு மட்டும் நிறம் கொடுத்தார். "பழைய பெயிண்ட் மேல கை வைக்க மாட்டேன். அது ஒருத்தன் பார்த்துப் பார்த்துப் பூசினது."

முதுகிலிருந்த திமிலை அவர்தான் காட்டினார். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹாசீர். துரைகள் காலத்திலிருந்து பிரபலம் என்றாலும் 2018-ல்தான் விஞ்ஞானிகள் அது எந்த இனம் என்று தீர்த்துச் சொன்னார்கள்: டார் ரெமாதேவி. அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள். பெயர் சூட்டு விழாவும் ஐ.சி.யூ. அட்மிஷனும் ஒரே வருஷத்தில். அணைகள், மணல் அள்ளுதல், வெடி போட்டு மீன் பிடிப்பது, பண்ணையில் வளர்த்துக் காவிரியில் விட்ட வேறு மஹாசீர், எல்லாம் சேர்ந்து செய்த வேலை. மோயாற்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பழைய தோலிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடிகிற காலம் இது. நல்லவேளை, ஃபைபர்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

பலகையைத் திருப்பியபோதுதான் அந்தப் பென்சில் எழுத்து தெரிந்தது. துரையின் இனிஷியல், பவானி, 1938, 42 பவுண்டு. தாத்தா பெயர் இல்லை. பெரியவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எண்பத்துமூன்று வயதுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள், அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்துவிட்டார்.

"இது தூண்டில் போட்டவன் பேரு," என்றார் நிதானமாக. "மீனு தூண்டிலோட பாறை இடுக்குல போய்ச் சிக்கிக்கிச்சு. துரை கரையில நின்னு கத்திக்கிட்டிருந்தான். கழுத்தளவு தண்ணியில எறங்கி அதைக் கட்டிப் புடிச்சுத் தூக்கிட்டு வந்தது யாரு? மார்ல செதில் கிழிச்ச தழும்பு அவர் சாகிற வரைக்கும் இருந்துது. நான் பார்த்திருக்கேன்."

இவ்வளவு நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"புடிச்சாருன்னுதானே சொன்னேன்? தூண்டில்லன்னு சொன்னேனா?"

மறுநாள் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டும் கடைக்கு அப்பாவும் கூட வந்தார். துரை இனிஷியல் ஒரு வரி, பவானி 1938 ஒரு வரி, அதற்குக் கீழே தாத்தாவின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், 'எஸ்டேட் கிளார்க்' எல்லாம் சேர்த்து மூன்று வரி. கடைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற அப்பா, மறுபேச்சில்லாமல் பர்ஸை எடுத்தார்.