உதிரும் பழமும் எட்டும் பழமும்

அழகர்மலைக்குத் திருமாலிருஞ்சோலை என்பது பழம்பெயர். அதே மலையில் முருகன் உறையும் இடம் பழமுதிர்சோலை. நாவல் மரத்தடியில் ஔவையை முருகன் சோதித்த கதையும் இவ்விடத்தோடு சேர்த்தே வழங்குகிறது. கனி உதிர வேண்டுமாயின் மரம் ஓங்கி நிற்க வேண்டும். மரம் என்றவுடன் தமிழ் மனத்தில் எழும் உருவம் இந்த ஓங்கிய சோலைமரமே.

இவ்வுருவத்தை வீட்டு முற்றத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம் என்பதே நமது குறை. மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையின் இருமருங்கும் வயல்களும் தோப்புகளும் வீட்டுமனைகளாகி வருகின்றன. ஐந்து சென்ட் மனையில், குட்டை ரகம் என்று சொல்லி விற்ற ஒட்டு மாங்கன்றைச் சுற்றுச்சுவரை ஒட்டி நடுகிறோம். அதன்மேல் கத்தி படுவதைப் பாவம் என்கிறோம். சில ஆண்டுகளில் கிளை மின்கம்பியைத் தொடும். அப்போது மரம் அடியோடு சாய்க்கப்படும். இளங்கிளையை வெட்ட மறுத்த கருணை முழுமரத்தை வெட்டுவதில் முடிகிறது.

குட்டை என்பது பாதி பிறப்பு, பாதி வளர்ப்பு. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வெளியிட்ட ஆம்ரபாலி, வடநாட்டுத் தசேரியும் தென்னாட்டு நீலமும் கலந்து பிறந்தது, இயல்பிலேயே சிறுத்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 சப்போட்டாவும் அத்தகையதே. ஆயினும், ஆப்பிளுக்கு இருப்பதுபோல் உயரத்தை உறுதியாக அடக்கும் வேர்ச்செடி மாவுக்குப் பரவலான வழக்கில் இல்லை. பெரும்பாலும் விதையில் முளைத்த கன்றின்மீதே ஒட்டுக் கட்டுகிறார்கள். எனவே உயரத்தைத் தீர்மானிப்பது கத்தியே. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மாமரங்கள் நின்ற நிலத்தில், 3க்கு 2 மீட்டர் அடர்நடவில் 674 நிற்கின்றன என்றால், அதை இயலச் செய்வது ஆண்டுதோறும் செய்யும் கவாத்து.

படைப்பயிற்சிக்கும் கவாத்து என்றே பெயர். இரண்டிலும் ஒழுங்கு இளமையிலேயே தொடங்குகிறது. கன்று 70 செ.மீ. அளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, வெவ்வேறு திசை நோக்கும் மூன்று நான்கு கிளைகளை நிறுத்த வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே நீக்க வேண்டும். முதல் மூன்றாண்டுப் பூக்களையும் களைய வேண்டும். அதன்பின் மரத்துக்கு மரம் முறை வேறுபடும். மா, முற்றிய நுனிக்கிளையில் பூப்பது. காய் பறித்ததும் ஆனி, ஆடியில் வெட்டினால் புதுக்கிளை முற்றக் காலம் கிடைக்கும். மார்கழியில் வெட்டுகிறவர் பூவையே வெட்டுகிறார். கொய்யா புதுத்துளிரில் பூப்பது. வெட்டினால் காய்ப்புக் கூடும். சப்போட்டாவுக்குக் காய்ந்த கிளைகளையும் நெருங்கிய கிளைகளையும் நீக்கினாலே போதும்.

இடமும் கத்தியளவு முக்கியம். மதுரை ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. மார்கழித் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் 20 அடி உயர வீடு வடக்கே 13 அடிக்கு நிழல் வீழ்த்தும். மா பூக்கும் தையிலும் அந்நிழல் சிறிதே சுருங்கும். ஆகவே வீட்டின் வடபுறச் சுவரோரம் மாவுக்கு உரிய இடமன்று. கிழக்கிலோ தெற்கிலோ, சுவரிலிருந்து ஆறடியாவது விலக்கி நடுவதே தக்கது.

நெய்யும் பாலும் ஊட்டி வளர்த்த புன்னையை உடன்பிறந்தாளாகக் கண்ட நற்றிணைப் பாடலை எடுத்துக்காட்டி, மரத்தை வெட்டலாமா என்று தமிழறிந்த நண்பர்கள் கேட்பதுண்டு. அப்பாடல் பேசுவது வளர்ப்பை என்றே நாம் கருதுகிறோம். உடன்பிறந்தாளை வளர்ப்பதில் பாலூட்டுதல் மட்டுமன்று, தலைவாரிப் பின்னிவிடுதலும் உண்டு.

சோலையின் இலக்கணம் மலைக்கு உரியது. அங்கே கத்தி நுழைய வேண்டியதில்லை. முற்றத்தில் நிற்க வேண்டியது, சிறுவர் கைக்கும் கனி எட்டும் மரம். ஆண்டுக்கொரு முறை அரைமணி நேரம் கத்தரியெடுக்கத் தயங்கி, ஒரு தலைமுறைக்கு நிற்க வேண்டிய மரத்தைப் பத்தாண்டில் விறகாக்குவதற்கு மரநேயம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.